மேகம் காட்டும் வேகம்: புயல் பற்றி வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி புயலைப் பற்றித்தான். இந்த முறை பலரும் ஒரே விஷயத்தைச் சுற்றியே கேட்டிருக்கிறார்கள்: செய்தியில் சொல்லும் அந்தக் காற்று வேகம் எங்கிருந்து வருகிறது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): கரையிலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் புயல் இருக்கிறது, அதில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்கிறார்கள். எங்கள் படகுகளைத்தான் கடலுக்குப் போகாதே என்று நிறுத்திவிடுகிறார்களே, அப்புறம் அங்கே யார் போய் அளந்தது?

பதில்: யாரும் போகவில்லை. அமெரிக்காவில் புயலுக்குள் விமானத்தை ஓட்டிக்கொண்டு போகிற ஆட்கள் இருக்கிறார்கள். 1943-ல் ஜோசப் டக்வொர்த் என்ற ராணுவ விமானி டெக்சாஸ் கரையோரம் ஒரு புயலுக்குள் பறந்து திரும்பியதில் ஆரம்பித்தது, இன்றைக்கும் அவர்களுடைய விமானப்படையும் நோவா என்கிற அரசு அமைப்பும் அதற்கென்றே விமானங்கள் வைத்திருக்கின்றன. சிறு பாராசூட் கட்டிய கருவிகளைப் புயலுக்குள் போடுவார்கள், அவை கடலில் விழும்வரை காற்றையும் அழுத்தத்தையும் சொல்லிக்கொண்டே போகும். வங்காள விரிகுடாவில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கர்கள் பல வருடம் பறந்துகொண்டிருந்தார்கள், 1987-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

கப்பல்காரர்கள் புயல் என்றதும் விலகி ஓடிவிடுவார்கள், அது அவர்கள் செய்ய வேண்டிய வேலைதான். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் விரிகுடாவில் மிதவைகளைப் போட்டு வைத்திருக்கிறது; ஆனால் அவ்வளவு பெரிய கடலில் புயலின் மையம் ஒரு மிதவையின் மேலேயே ஏறிப் போவது அதிர்ஷ்டம். ராடார் இருக்கிறதே என்றால், அதன் கண்ணுக்குப் புயல் தெரிய வேண்டுமானால் சில நூறு கிலோமீட்டருக்குள் வந்தாக வேண்டும். ஆக மிச்சம் இருப்பது, பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நின்று படம் எடுத்து அனுப்பும் செயற்கைக்கோள்தான். நீங்கள் செய்தியில் கேட்ட 110, பெரும்பாலும், ஒரு வானிலை ஆய்வாளர் அந்தப் படத்தைப் பார்த்துப் புயலுக்குப் போட்ட மதிப்பெண்ணிலிருந்து வந்த எண்.

கேள்வி (திருச்சி, பொறியியல் மாணவர்): படத்தில் தெரிவது மேகத்தின் மேல்பாகம் மட்டும்தானே. கீழே கடல்மட்டத்தில் அடிக்கும் காற்றை அதிலிருந்து எப்படிச் சொல்ல முடியும்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், மேலோட்டமாக வேண்டாம்.

பதில்: விளக்கமாகவே சொல்கிறேன், ஆனால் நீளும்.

இந்த முறைக்கு டிவோராக் முறை என்று பெயர். வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1975-ல் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது, 1984-ல் அகச்சிவப்புப் படங்களையும் சேர்த்து முழு வடிவம் எடுத்தது. அந்தக் காலத்தில் அவரிடம் இருந்தது மங்கலான கறுப்பு வெள்ளைப் படங்கள், அதுவும் பெரும்பாலும் ஒரு புயலுக்கு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. நூற்றுக்கணக்கான படங்களை வைத்து, விமானம் போய் அளந்த புயல்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. புயல்கள் வளரும்போது மேகங்கள் கண்டபடி மாறுவதில்லை. கிட்டத்தட்ட எல்லாப் புயலும் ஒரே படிக்கட்டில்தான் ஏறுகிறது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்கிறார்களே, அந்த மாதிரி, மேகம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் காற்று எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

படிகளுக்கு டி-எண் என்று பெயர். 1-ல் தொடங்கி 8 வரை, அரை அரையாக ஏறும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காற்று வேகம்: 2.5 என்றால் 35 நாட், 3.5 என்றால் 55, 4 என்றால் 65, 5 என்றால் 90, 6 என்றால் 115, 7 என்றால் 140, 8 என்றால் 170. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. என்று பெருக்கிக்கொள்ளுங்கள். நம் வானிலைத் துறையின் பெயர்களும் இதோடு ஒட்டியே வரும். 2.5 தொட்டால் 'புயல்', 3.5-ல் 'தீவிரப் புயல்', 4-ல் 'மிகத் தீவிரப் புயல்', 5-ல் 'அதிதீவிரப் புயல்', 6.5 முதல் 'சூப்பர் புயல்'. 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே ஒடிசாவை அடித்த சூப்பர் புயல் 7-ல் இருந்தது.

சரி, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? இளம் புயலுக்கு முதலில் பார்ப்பது வளைவு. மழைமேகம் ஒரு பட்டையாக மையத்தைச் சுற்றி வளைந்து வரும். ஒரு சுருள் வடிவ அளவுகோல் வைத்திருப்பார்கள், முன்பு அதைக் கண்ணாடித்தாளில் வரைந்து படத்தின் மேல் வைப்பார்கள், இப்போது கணினித் திரையிலேயே. அந்தச் சுருளை மேகப் பட்டையின் மேல் பொருத்தி, பட்டை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று, ஒரு முழுச் சுற்றைப் பத்துப் பங்காக்கி எண்ணுவார்கள். பாதிச் சுற்று வந்திருந்தால் 2.5. முக்கால் சுற்றை நெருங்கினால் 3. ஏறக்குறைய முழுச் சுற்று என்றால் 3.5. ஒரு சுற்று முடிந்து மேலே ஏறிப் படிய ஆரம்பித்தால் 4. ஏன் இது வேலை செய்கிறது என்றால், மேகத்தை வளைப்பதே காற்றின் சுழற்சிதான். சுழற்சி கூடக் கூட வளைவும் கூடும்.

புயலின் நடுவே மேகமில்லாத ஓட்டையாகக் 'கண்' திறந்த பிறகு கணக்கு மாறும். இப்போது பார்ப்பது வெப்பநிலை. அகச்சிவப்புக் கருவிக்கு நிறம் தெரியாது, வெப்பம் தெரியும். கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச்சுவர் 15 கிலோமீட்டருக்கும் மேலே எழும்பும், அதன் உச்சி மைனஸ் 70, மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் வரை போகும். நடுவில் கண்ணுக்குள் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது; இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், மேகம் கரையும். சூடான காற்றுக்கு எடை குறைவு என்பதால் மையத்தில் அழுத்தம் விழுகிறது, அழுத்தம் விழ விழ வெளியிலிருந்து காற்று வேகமெடுக்கிறது. ஆக, சுற்றிலும் மேகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, நடுவில் கண் எவ்வளவு சூடாக இருக்கிறது, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே புயல் எஞ்சின் எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டிவோராக் இதற்கு ஒரு பட்டியல் வைத்தார். வெப்பநிலையைச் சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று படிகளாகப் பிரித்தார். ஒரு உதாரணம்: கண்ணைச் சுற்றிலும் மைனஸ் 70 முதல் மைனஸ் 75 டிகிரி வரையிலான மேகம், இடைவெளி விடாமல், போதிய அகலத்துக்கு வளையமாக இருக்கிறது. அடிப்படை மதிப்பெண் 6. உள்ளே கண் 9 டிகிரிக்கும் மேல் சூடாக, தெளிவாக இருக்கிறது. அதற்கு ஒன்று கூட்டு. மொத்தம் 7, அதாவது 140 நாட், மணிக்கு 260 கி.மீ. வளையத்தில் ஒரு மூலையில் மட்டும் ஓட்டை விழுந்து சூடான மேகம் தெரிந்தால் அந்த வளையத்துக்கான மதிப்பெண் கிடையாது, ஒரு படி கீழே இறங்க வேண்டியதுதான். கல்லூரிப் பேராசிரியர்கள்கூட இவ்வளவு கறாராகத் திருத்த மாட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பெண்ணை விட அதற்குப் போட்ட கடிவாளம். ஒரே ஒரு படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக மதிப்பெண்ணைத் தூக்கிவிடக் கூடாது. சராசரிப் புயல் ஒரு நாளைக்கு ஒரு டி-எண் ஏறும் என்று எடுத்துக்கொண்டு, இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று விதி வைத்தார். அதேபோல் புயல் தளரும்போது மேகம் முதலில் கலையும், காற்று உடனே குறையாது. சுழலும் காற்றுக்கு அதன் வேகத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. அதனால் மேகத்துக்கான மதிப்பெண் குறைந்தாலும் காற்றுக்கான மதிப்பெண்ணைச் சுமார் 12 மணி நேரம் குறைக்காமல் பிடித்து வைக்க வேண்டும். படத்தில் புயல் சிதைந்து கிடக்கிறது, அறிக்கையில் வேகம் அப்படியே இருக்கிறது, இவர்களுக்குக் கண் தெரியவில்லையா என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு சரியாக வரும் என்று அடுத்து கேட்பீர்கள். அட்லாண்டிக்கில் விமானம் அளந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாதி மதிப்பீடுகள் 5 நாட்டுக்குள் சரியாக இருந்தன, முக்கால் பங்கு 12 நாட்டுக்குள், பத்தில் ஒன்பது 18 நாட்டுக்குள். 36,000 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு இது அபாரம். ஆனால் 12 நாட் என்பது மணிக்கு 22 கி.மீ. என்பதையும் மறக்க வேண்டாம். அறிக்கையில் 110 என்று வந்தால் 109-ஆ 111-ஆ என்று சண்டை போடுவதில் பொருளே இல்லை.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் புயல் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. எவ்வளவு சிவப்போ அவ்வளவு பலமா?

பதில்: இல்லை. நிறம் படம் தயாரித்தவர் கொடுத்தது, இன்னொருவர் அதே மேகத்துக்கு ஊதா கொடுப்பார். நிறம் சொல்வது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ச்சி என்பதை மட்டும்தான். சித்திரை மாதத்தில் திருவண்ணாமலைப் பக்கம் சாயங்காலம் வரும் ஒரு இடிமழை மேகத்தின் உச்சியும் அதே குளிருக்குப் போகும், அதே சிவப்பில் தெரியும். அதை யாரும் புயல் என்று சொல்ல மாட்டோம். நிறத்தை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள்: வட்டமாக இருக்கிறதா, வளைந்து வருகிறதா, அல்லது சுழற்சி ஒரு பக்கமும் மேகக் குவியல் ஒரு பக்கமுமாகப் பிய்ந்து கிடக்கிறதா. பிய்ந்து கிடந்தால் மேல்மட்டக் காற்று அதைச் சாய்க்கிறது என்று அர்த்தம், எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் மதிப்பெண் குறைவுதான்.

கேள்வி (தூத்துக்குடி): துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏற்றினார்கள். அது நீங்கள் சொல்லும் டி-எண்ணா?

பதில்: சம்பந்தமே இல்லை. துறைமுகக் கூண்டு 1 முதல் 11 வரை; அந்தத் துறைமுகத்துக்கு என்ன ஆபத்து என்பதைச் சொல்வது. எங்கோ தூரத்தில் மிகப் பலமான புயல் இருந்தாலும் உங்கள் ஊரில் 2-ம் எண்தான் ஏறும். 11 என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய புயல் என்று பலர் நினைக்கிறார்கள், அது வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

கேள்வி (கோயம்புத்தூர்): அமெரிக்கக் கடற்படையின் மையம் ஒரு வேகம் சொல்கிறது, நம் வானிலைத் துறை குறைவாகச் சொல்கிறது. ஏன் இப்படிக் குறைத்துச் சொல்லி மக்களை ஏமாற்றுகிறார்கள்?

பதில்: ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் குழப்பம் இருக்கிறது, அதை யாரும் பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதும் இல்லை. காற்று ஒரே வேகத்தில் அடிக்காது, ஏறும் இறங்கும். அதனால் சராசரி எடுக்கிறோம். அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறார்கள், நம் வானிலைத் துறை மூன்று நிமிடம், ஜப்பான்காரர்கள் பத்து நிமிடம். நேரம் கூடினால் சராசரி குறையும். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை அழித்த ஹையான் சூறாவளிக்கு அமெரிக்க மையம் 170 நாட் என்றது, ஜப்பான் வானிலை முகமை 125 நாட் என்றது. அது நிமிடக் கணக்கால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை. டி-எண்ணைக் காற்று வேகமாக மாற்றும் பட்டியலே ஜப்பானியர்களிடம் வேறு.

அதற்கு மேல் ஆளுக்கு ஆள் கண் வேறு. மேகப்பட்டை 0.55 சுற்றா 0.6 சுற்றா என்பதில் இரண்டு அனுபவசாலிகள் அரை டி-எண் வேறுபடுவது சாதாரணம். 2.5-க்கும் 3-க்கும் இடையில் மணிக்கு 18 கி.மீ. ஓடிவிடும். நம் ஆட்களோடு சண்டைக்குப் போவதற்கு முன் இரண்டு எண்களும் ஒரே சராசரிதானா, நீடித்த வேகமா அல்லது சில நொடிகள் மட்டும் அடிக்கும் பலத்த வீச்சா என்று பாருங்கள். தொலைக்காட்சிகள் இதில் செய்யும் அட்டகாசம் தனி, 'இடையிடையே' என்று வானிலைத் துறை சொல்லும் அதிகபட்ச வீச்சைத்தான் தலைப்பில் போடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. புயல் நடக்கும்போது சொல்லும் எண் முடிவானதல்ல. எல்லாம் ஓய்ந்த பிறகு கரையில் பதிவான காற்று, அழுத்தம், ராடார் எல்லாவற்றையும் வைத்து மறுபடியும் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு இறுதி அறிக்கை தருவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த கஜாவை அந்த அறிக்கை மிகத் தீவிரப் புயல் என்கிறது, மணிக்கு 130 கி.மீ., வீச்சு 145. டெல்டாவில் சாய்ந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணில் சந்தேகம் இருக்காது.

கேள்வி (கன்னியாகுமரி மாவட்டம், மீனவக் குடும்பத்து வாசகி): செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்க்கும் என்றால் ஓக்கி எங்களுக்கு ஏன் முன்கூட்டியே தெரியவில்லை?

பதில்: உங்கள் கேள்விக்கு முழுப் பதில் படங்களில் மட்டும் இல்லை அம்மா, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போன படகுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் அதன் பெரிய பாகம், அங்கே நடந்த குறைகளைச் செயற்கைக்கோள் மேல் போட்டுத் தப்பிக்க முடியாது. இந்தப் பகுதிக்கு உட்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

டிவோராக் முறையின் பலவீனம் தொடக்க நாட்கள்தான். முதல் மதிப்பெண்ணான 1 போடும்போது, இனி ஏறத்தாழ ஒன்றரை நாளில் இது 2.5-ஐத் தொடலாம் என்று ஒரு அவகாசம் கிடைக்கும். ஓக்கி 2017 நவம்பர் 29 அன்று இலங்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது, 30-ம் தேதி காலையில் குமரிக்குத் தெற்கே புயலாகவே நின்றது. ஏறக்குறைய ஒரே நாள். அந்தக் கட்டத்தில் மையம் எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பகலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில் தாழ்வான மேகங்கள் சுழல்வதைப் பிடித்துவிடலாம், ராத்திரியில் அகச்சிவப்புப் படத்தில் தாழ்ந்த மேகமும் கடலும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருப்பதால் இரண்டும் கலந்துவிடும். மையத்தைத் தப்பாக வைத்தால் வளைவும் தப்பு, மதிப்பெண்ணும் தப்பு.

பலமான புயலும் ஏமாற்றும். 2023 அக்டோபர் 24 அன்று மெக்சிகோ பக்கம் ஓட்டிஸ் என்ற சின்னஞ்சிறு புயல். படத்தில் மேலே வெள்ளைப் போர்வை மூடிக் கிடந்தது, கண் தெரியவில்லை, மதிப்பெண் நடுத்தரமாகவே போட்டார்கள். மதியம் ஒரு விமானம் உள்ளே போனது. படம் சொன்னதைவிட மிக அதிகக் காற்று. அன்று நள்ளிரவு தாண்டி அகாபுல்கோ நகரத்தின் மேல் மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்தோடு ஏறியது, அமெரிக்கர்களின் அளவில் உச்சமான ஐந்தாம் வகை. விமானம் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சில மணி நேர எச்சரிக்கையும் கிடைத்திருக்காது. நம் கடலில் அப்படி ஒன்று நடந்தால் உள்ளே போய்ப் பார்க்க ஆள் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கவலைதான்.

அதற்கு மாற்றாக நமக்கு இருப்பவை வேறு வகைச் செயற்கைக்கோள்கள். நுண்ணலைக் கருவிகள் மேலே இருக்கும் மெல்லிய மேகப் போர்வையைத் துளைத்து உள்ளே மழை எப்படி வளையமாக நிற்கிறது என்று காட்டும். ஆனால் அவை தாழ்வான பாதையில் பூமியைச் சுற்றி வருபவை, நமக்குத் தேவைப்படும் நேரத்தில் நம் புயலுக்கு மேல் வரும் என்ற நிச்சயம் இல்லை. நம் இஸ்ரோ 2022 நவம்பரில் அனுப்பிய இஓஎஸ்-06 போன்றவை கடல் மேல் ரேடியோ அலையை அடித்து, அலைகள் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கின்றன என்று பார்த்துக் காற்றைக் கணக்கிடும். தாழ்வு மண்டலத்துக்கும் சாதாரணப் புயலுக்கும் அது அருமை. காற்று மிகக் கடுமையாகி மழையும் கொட்டினால் அதற்கும் தடுமாற்றம்.

கேள்வி (புதுச்சேரி): ஃபெங்கல் வெறும் 'புயல்' வகைதானே? எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே?

பதில்: டி-எண் காற்றுக்கு மட்டும். மழைக்கு அதில் இடமே இல்லை. ஃபெங்கல் நாள்கணக்கில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே இழுத்தடித்து, 2024 நவம்பர் 29 அன்றுதான் புயல் என்று பெயர் வாங்கியது, 30-ம் தேதி இரவு 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் உங்கள் பக்கம் கரையேறியது. ஏறியது போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல். நின்று பெய்யும் பலவீனமான புயல், ஓடிக் கடந்துவிடும் பலமான புயலைவிடத் தெருவுக்கு மோசம். 'வலுவிழந்தது' என்று செய்தியில் வந்ததும் நிம்மதியாகப் படுக்கப் போகிற பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன்.

கேள்வி (மதுரை): இதையெல்லாம் கணினியே செய்துவிடாதா? மனிதர்கள் படத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது பழைய காலத்து வேலையாக இருக்கிறதே.

பதில்: செய்கிறது, பல வருடமாகச் செய்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மேம்பட்ட டிவோராக் முறை ஆள் தலையீடு இல்லாமல் ஒவ்வொரு படத்துக்கும் எண் போடும், அது தூங்காது, பிடித்த புயல் பிடிக்காத புயல் என்று அதற்குக் கிடையாது. கண் தெளிவாக இருக்கும் புயலில் மிக நன்றாக வேலை செய்கிறது. கண் இல்லாத, பிய்ந்த, சாய்ந்த புயலில் தடுமாறும், நமக்கு வரும் புயல்களில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். இப்போது லட்சக்கணக்கான படங்களைக் கொடுத்துப் பழக்கிய செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளும் வந்துவிட்டன. அவை எதை வைத்துப் பழகுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் இதே மனிதர்கள் போட்ட பழைய மதிப்பெண்களை வைத்துத்தான்! விமானம் அளந்த புயல்கள் உலகத்தில் கொஞ்சம்தானே.

அளவுகோலுக்கே எட்டாதவையும் உண்டு. 2015 அக்டோபரில் மெக்சிகோவுக்கு மேற்கே பட்ரீசியா புயலில் விமானத் தரவுகளை வைத்து முடிவு செய்த வேகம் 185 நாட். டிவோராக் பட்டியலோ 170-லேயே முடிந்துவிடுகிறது. டிவோராக் 2022-ல் காலமானார். அவர் போட்ட அளவுகோல் இன்றைக்கும் உலகத்தின் எல்லாப் புயல் மையங்களிலும் மேஜை மேல் இருக்கிறது. கணினி போட்ட எண்ணையும் மனிதர் போட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இப்போதைக்குச் சரி. இரண்டும் வெகுவாக வேறுபட்டால் அங்கே என்னவோ நடக்கிறது என்று அர்த்தம், அதுவே ஒரு தகவல்.

கேள்வி (ராமநாதபுரம், 11-ம் வகுப்பு மாணவி): நானே படத்தைப் பார்த்து டி-எண் போட்டுப் பழகலாமா? எங்கே பார்ப்பது?

பதில்: தாராளமாக. வானிலைத் துறையின் 'மௌசம்' இணையதளத்தில் செயற்கைக்கோள் பகுதிக்குப் போனால் இன்சாட் படங்கள் வந்துகொண்டே இருக்கும், காசு கிடையாது. இன்சாட்-3டிஆர் 2016-லும் இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியிலும் போனவை, ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் தரும். பகலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தையும் ராத்திரியில் அகச்சிவப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் முடிவு செய்யாமல் ஆறு மணி நேரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். முதலில் மையத்தைக் குறியுங்கள், பிறகு பட்டை எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று எண்ணுங்கள், நேற்று இதே நேரம் போட்ட எண்ணை விட ஒன்றுக்கு மேல் ஏறியிருந்தால் மறுபடியும் சரிபாருங்கள். எண்ணை நோட்டில் எழுதி வைத்த பிறகு வானிலைத் துறையின் அறிக்கையைத் திறந்து ஒப்பிடுங்கள், முன்னாலேயே திறந்துவிட்டால் உங்கள் கண் அவர்கள் சொன்ன எண்ணைத்தான் பார்க்கும். அரை எண் வித்தியாசத்தில் வந்தால் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எண்ணை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அங்கே ஏற்கனவே நிறைய பேர் இருக்கிறார்கள்.